சாமி என்று கூப்பிட நாலு பேர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவன் கத்தியோடு பிடிபட்டான் என்று செய்தி வந்தாலே 'வயசைக் குறை, ஜெயிலில் போடு' என்று ஒரே பேச்சு. கொடுங்குற்றம் என்றால் 16 வயது முடிந்தவர்களைப் பெரியவர்களைப் போலவே விசாரிக்க 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. சரி, அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது என் அக்கா மகனைப் பற்றி.

செல்போன் பறிப்பில் இரண்டு தடவை கூர்நோக்கு இல்லம், அதாவது வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கிற இல்லம், போய் வந்தவன். முதல் தடவை வந்தபோது வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, நானும்தான். இரண்டே மாதத்தில் பழைய சேர்க்கை, மறுபடி உள்ளே. இரண்டாவது தடவை வந்தபோது கார்த்திகை பிறக்க நாலு நாள் இருந்தது. பெயின்டிங் வேலை எடுத்துச் செய்யும் எங்கள் தெரு குருசாமியிடம் அக்கா கொண்டுபோய் விட்டு மாலை போட வைத்தாள். வேஷம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விடியற்காலை 4 மணிக்குப் பச்சைத்தண்ணீரில் தலைக்கு ஊற்ற வேண்டுமென்றால் ராத்திரி 9 மணிக்கே படுத்தாக வேண்டும், பழைய கூட்டாளிகள் கிளம்புவதோ 10 மணிக்கு மேல். அப்புறம், 'திருட்டுப் பய' என்ற அதே தெரு 'வாங்க சாமி' என்றது. அக்காவும் பெற்ற பிள்ளையைச் சாமி என்று கூப்பிட்டுத்தான் இலை போட்டாள். முதல் நாள் அவன் தலை நிமிராமலே சாப்பிட்டு எழுந்தான்.

மாலையைக் கழற்றியதும் என்ன ஆகுமோ என்று பயம். மலையிலிருந்து வந்த மறுநாளே குருசாமி பட்டி பார்க்கிற வேலைக்குக் கூட்டிப்போய்விட்டார், மூன்று வருஷம் ஆகிறது. சபரிமலைதான் என்றில்லை, பக்கத்துத் தெருப் பையனைச் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்க வைத்தே பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பெற்றோருக்கும் சேர்த்து ஆலோசனை தர உத்தரவிடலாம் என்கிறது அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. எங்கள் விஷயத்தில் இரண்டு தடவையும் அக்காவிடம் கையெழுத்து வாங்கினார்களே தவிர, உட்கார வைத்து ஒரு வார்த்தை பேச ஆளில்லை. இல்லத்தில் இருந்த பிள்ளையைப் பார்க்கப் போனதும் வேலை நாளில்தான், இட்லிக் கடையை மூடினால்தான் அவளால் போக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் விட்டால் என்ன?

பழைய வழக்கு பிள்ளையின் பின்னாலேயே வரக்கூடாது என்றுதான் 24ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் ஏரியாவில் போன் காணாமல் போனால் முதலில் தட்டப்படுவது எங்கள் கதவு. போன மாதமும் வந்தார்கள், அவன் சாரத்தின் மேல் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
வியாசர்பாடி, சென்னை