எலும்பு கூடிவிடும், முழங்கையைக் கவனி

அன்புள்ள பாப்பாவுக்கு,

முறிந்த உன் கையை எடுத்து நீ அனுப்பிய எக்ஸ்ரேயை ராத்திரி பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும் பளிச்சென்று தெரிகின்றன. சித்தப்பாவுக்குக் காலில் ராடு வைத்தபோது எலும்பைச் சுற்றிப் பஞ்சு மாதிரி புது எலும்பு தெரிந்ததே, எனக்கு ஒன்றையும் காணோமே என்று கேட்டிருந்தாய். பயப்படாதே. ராடு வைத்த எலும்பில் துளி அசைவு இருக்கும். அதனால் உடம்பு முதலில் முறிவைச் சுற்றிக் குருத்தெலும்பு போல மெத்தென்று ஒரு திரட்சியை உண்டாக்கும், அப்புறம் அது இறுகி எலும்பாகும். உனக்கோ உடைந்த இரண்டு முனைகளையும் பிளேட் நெருக்கிப் பிடித்திருக்கிறது. இடைவெளியும் அசைவும் இல்லாத இடத்தில் அந்தத் திரட்சி இல்லாமல் எலும்பு நேரடியாகவே கூடும்.

தோல் கிழிந்தால் தழும்பு விழுகிறது. எலும்பு அப்படியில்லை, கூடினால் எலும்பாகவே கூடும். முறிவு அளவுக்கு மீறி ஆடிக்கொண்டே இருந்தால்தான் இடையில் நார் போன்ற தழும்புத் திசு புகுந்து, சேராமல் நின்றுவிடும். அப்படி ஆனவர்கள் பலருக்கு மறுபடி திறந்து, அந்த நாரைச் சுரண்டி எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

எனக்குக் கவலை எலும்பைப் பற்றி இல்லை. அதை எட்ட டாக்டர் தோலையும் தசையையும் கடந்து போயிருக்கிறார். அடிபட்டதில் மூட்டின் உறையும் நைந்திருக்கும். அவையெல்லாம் தழும்பாகித்தான் ஆறும். புதுத் தழும்பு நாளாக ஆகச் சுருங்கி இறுகும், வழுக்கிப் போக வேண்டிய தசையை எலும்போடு ஒட்டிவிடும். முழங்கை சீக்கிரம் விறைத்துப் போகிற மூட்டு.

என் கையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாயே. அது முறிந்தபோது ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த பிறகும் வலிக்குப் பயந்து துணியில் தொங்கவிட்டே வைத்திருந்தேன். அசைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அருமையாகக் கூடியிருந்தது, கை மட்டும் நீளவில்லை. உனக்குப் பின்னல் போடும்போது என் மடிக்கு அருகே இழுத்து உட்காரவைப்பேனே, என் கை அவ்வளவுதான் எட்டும்.

1958-இல் சுவிட்சர்லாந்தில் மௌரிஸ் முல்லர் முதலான அறுவை மருத்துவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பிளேட், ஸ்க்ரூ வைத்தியத்தை ஒழுங்குபடுத்தினார்கள். வாரக்கணக்கில் கட்டுக்குள் கிடந்து மூட்டு விறைத்துப் போகக் கூடாது, சீக்கிரம் அசைக்க வேண்டும் என்பதற்காகவே எலும்பை அவ்வளவு கெட்டியாகப் பிடிக்க நினைத்தார்கள். உன் கைக்குள் இருக்கும் பிளேட்டும் அதற்குத்தான்.

அதனால் டாக்டர் சொன்ன அளவுக்கு, நீயாகவே மடக்கி நீட்டு. ஒரேயடியாக அரைமணி நேரம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக நாளில் பலமுறை செய். இழுப்பது போல் வலிக்கும், சரி. ஆனால் வேறு யாரும் உன் கையைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுக்க விடாதே. முழங்கையில் அப்படிச் செய்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடக்கூடும். தையல் பிரித்து, புண் நன்றாக மூடிய பிறகு தழும்பை விரல் நுனியால் அழுத்தித் தேய்த்து விடு. இப்போது சிவந்து தடித்திருக்கும். அது வெளுத்து மெத்தென்று ஆக ஒரு வருஷம்கூட ஆகலாம், அதற்காக மனம் வாடாதே.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடும்போது முகத்தை அப்புறம் காட்டு. முதலில் சுவரோரம் நின்று கையை நீட்டு, போன வாரத்தைவிட எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா