சாஷே உறைக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு,

கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவை சாஷே என்ற சின்ன உறையில் அடைத்து ஏழை வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தார். நல்ல காரியம்தான். ஆனால் அந்த உறைகள் இன்று எங்கள் தெருச் சாக்கடையை அடைத்துக் கிடக்கின்றன. பால் கவரையும் பாட்டிலையும் பழைய பேப்பர்காரர் எடைக்கு வாங்கிக்கொள்கிறார். சாஷேயையும் சிப்ஸ் பாக்கெட்டையும் தொடுவதே இல்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய உறைகள் அவை. பிரித்தெடுப்பது சிரமம், விலையும் போகாது.

உறையைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனமே அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. நிறுவனங்களுக்கு இதில் செலவு உண்டு, மறுக்கவில்லை. கெட்டியான டப்பாக்களில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சி பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்பதும் எளிதான இலக்கு அல்ல. உணவுப் பொருள் என்றால் தரமான மூலப்பொருள் கிடைப்பதே கஷ்டம்.

ஆனால் நிறுவனங்கள் தாங்களே சேகரிக்க வேண்டியதில்லை, இவ்வளவு பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆனது என்று மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டினால் போதும். இந்த இடத்தில்தான் ஓட்டை. 2023ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. காகிதத்தில் மறுசுழற்சி ஆன உறை சாக்கடையில்தான் கிடந்திருக்கும்! ஒழுங்காகச் செலவு செய்த நிறுவனத்துக்கும் இது அநியாயம்.

எந்த நிறுவனம், எந்த ஊரில், எத்தனை டன் சேகரித்தது என்பதை ஆண்டுதோறும் தமிழிலும் வெளியிட வேண்டும். எங்கள் வார்டு கணக்கை நாங்களே சரிபார்த்துக்கொள்கிறோம்.

ஒரு வாசகர்,
கும்பகோணம்