மாமாவுக்கு, பிரஸ்ஸல்ஸிலிருந்து: செர்ரி ஊறிய பீர்

பிரஸ்ஸல்ஸ்,
மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நலம்தானே? அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டால் 'பரவாயில்லை' என்பதோடு முடித்துக்கொள்கிறாள். நீங்களாவது விவரமாக எழுதுங்கள். இந்நேரம் பனையில் பாளை வந்திருக்கும். விடிவதற்கு முன்பே பாளையை இடுக்கும் கடிப்பும் அரிவாளுமாகக் கிளம்பிவிடுவீர்கள். அத்தை பதனீர் காய்ச்சும் குடிசையில், நம் விடிலியில், அடுப்பு மூட்டியிருப்பாள். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது வாயிலிருந்து புகை வருகிறது. கிடங்கு வேலை பழகிவிட்டது. முதுகு வலி இல்லை, சம்பளம் நாள் தவறாமல் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இந்தக் கடிதம் முழுக்க ஒரு பீரைப் பற்றியது. வீட்டில் வேறு யாருக்கும் இதை இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. படித்து முடிக்கும்போது காரணம் உங்களுக்கே புரியும்.

சாதாரணமாக பீர் எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாற்கோதுமையை நனைத்து முளைகட்டிக் காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்த இனிப்புச் சாற்றை வடித்துக் காய்ச்சுவார்கள். காய்ச்சும்போது ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் பூவைப் போடுவார்கள். கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. ஆறியதும் ஈஸ்டைக் கலப்பார்கள். எந்த ஈஸ்ட், எத்தனை கிராம் என்று எல்லாம் கணக்காக இருக்கும். உலகத்தில் பெரும்பாலான பீர் இப்படித்தான் உருவாகிறது.

பிரஸ்ஸல்ஸிலும் அதன் தென்மேற்கே பாயோட்டன்லாந்து என்ற கிராமப் பகுதியிலும் லாம்பிக் என்று ஒன்று செய்கிறார்கள். அதில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை மாமா. காய்ச்சிய சாற்றை மாடியில் ஒரு பெரிய, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கூரையடியில் இருக்கும் பலகைச் சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு இறங்கி வந்துவிடுகிறார்கள். இரவு முழுவதும் அது குளிர்காற்றில் ஆறுகிறது. காற்றில் இருப்பதும், அந்தப் பழைய கட்டடத்தின் மரத்தில் குடியிருப்பதும் தானாக வந்து இறங்குகின்றன. விடிந்ததும் மரப்பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். சில நாளில் பீப்பாயின் துளை வழியே நுரை பொங்குகிறது.

இதைக் கேட்டதும் எனக்கு உங்கள் கலயம்தான் நினைவுக்கு வந்தது. பாளையில் வடிவது காற்றுப்பட்டாலே புளிக்கத் தொடங்கிவிடும் என்பதற்காகத்தானே கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறீர்கள்? சுண்ணாம்பு இருந்தால் பதனீர், இல்லாவிட்டால் கள். சுண்ணாம்பு போட்டு நீங்கள் எதைத் தடுக்கிறீர்களோ, அதைத்தான் இவர்கள் சன்னலைத் திறந்து வைத்து வரவேற்கிறார்கள். தமிழ்நாட்டில் 1987-இல் கள்ளுக்கு வந்த தடைக்கு முன்பு கள் இறக்கியவர் நீங்கள். இந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்குப் புரியாத விஷயம் உங்களுக்கு ஒரு வரியில் புரிந்துவிடும்.

நான் குடியிருக்கும் அன்டர்லெக்ட் பகுதியிலேயே, தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கான்டியோன் என்ற ஆலை இருக்கிறது. 1900-இல் தொடங்கிய குடும்பத் தொழில். இன்றும் அதே குடும்பம்தான் நடத்துகிறது. 1978 முதல் அதை அருங்காட்சியகமாகவும் வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டியில் பழைய சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை நடக்கும் இடத்துக்குள்ளேயே நம்மைச் சுற்றி வரவிடுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஒரு பெரியவர், பாயோட்டன்லாந்துக்காரர், 'நீ இதைப் பார்க்காமல் இந்த ஊரில் இருக்கக் கூடாது' என்று ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனார்.

உள்ளே போனதும் வாசனைதான். ஈர மரம், பழைய திராட்சைமது, கொஞ்சம் வினிகர், எங்கோ ஆப்பிள். வரிசை வரிசையாகப் பீப்பாய்கள். மேலே உத்தரத்தில் சிலந்தி வலைகள் தொங்குகின்றன. யாரும் அவற்றைக் கலைப்பதில்லை. கோடையில் பழம் வந்து இறங்கும்போது பழ ஈக்கள் மொய்க்கும், அவற்றைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும் என்றார் பெரியவர். மருந்து அடித்தால் ஈ மட்டும் சாகாது, காற்றில் இருக்கும் அவர்கள் செல்வமும் போய்விடும்.

மாடியில் அந்தச் செம்புத் தொட்டியைப் பார்த்தேன். ஒரு முறைக்கு அதில் ஊற்றும் சாறு ஏறக்குறைய 7,500 லிட்டர். முளைகட்டிய வாற்கோதுமை மூன்றில் இரண்டு பங்கு, முளைகட்டாத கோதுமை ஒரு பங்கு. ஹாப்ஸை மட்டும் புதிதாகப் போடுவதில்லை, சில ஆண்டுகள் பழையதாக்கிப் போடுகிறார்கள். கசப்பு போய்விடும், கெடாமல் காக்கும் குணம் மட்டும் தங்கும். வேலை நடப்பது அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான். வெயில் காலத்துக் காற்றில் வேண்டாத கிருமிகள் மிகுந்துவிடும், சாறும் ஒரே இரவில் ஆறாது. 2015 நவம்பரில் இரவுகள் சூடாக இருந்ததால் காய்ச்சுவதையே நிறுத்தி வைத்தார்கள். குளிர் இரவுகள் குறைந்துகொண்டே போவது இவர்களுக்குப் பெரிய கவலை. மழை பொய்த்த வருஷத்தில் பனையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நீங்கள் நிற்பீர்களே, அந்த முகத்தை இங்கேயும் பார்த்தேன்.

பீப்பாய்க்குள் நடப்பது ஒரே ஈஸ்டின் வேலை இல்லை. முதலில் வருவது வேகமாகச் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிறது. பிறகு மெதுவாகப் புளிப்புத் தரும் பாக்டீரியா எழுகிறது. அதற்கும் பின்னால் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட், மற்றவை விட்டுப்போனதையெல்லாம் பொறுமையாக அரித்துத் தின்கிறது. அதில் ஒரு வகையின் அறிவியல் பெயரே புருக்செலென்சிஸ், இந்த ஊரின் பெயர். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று பீப்பாய்கள் காத்துக் கிடக்கின்றன. அதற்குள் ஆவியாகிப் போவதும் கணிசம். கள் காலையில் இறக்கினால் மாலைக்குள் கடுத்துவிடும். இதற்கு வருஷக்கணக்கு. குளிர்நாட்டுக்காரர்களுக்குக் கிடைத்த பொறுமை அது.

சரி, பழத்துக்கு வருகிறேன்.

இங்கே புளிப்புச் செர்ரி என்று ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் பெரிய இனிப்புச் செர்ரி இல்லை. சிறியது, அடர்சிவப்பு, பல்லைக் கூசவைக்கும். பிரஸ்ஸல்ஸின் வடகிழக்கே இருக்கும் ஸ்கார்பேக் ஒரு காலத்தில் இந்தப் பழத்துக்குப் பேர்போன கிராமம். விவசாயிகள் கழுதை மேல் ஏற்றி நகரச் சந்தைக்குக் கொண்டுவருவார்களாம். அதனால் அந்த ஊருக்கே கழுதைகளின் ஊர் என்று பெயர். இன்று அங்கே பழத்தோட்டம் இல்லை, முழுக்க வீடுகள். ஆனாலும் ஜோசஃபாட் பூங்காவில் அந்த நினைவுக்காகக் கழுதைகளை வளர்க்கிறார்கள். ஸ்கார்பேக் செர்ரி அரிதாகிவிட்டதால் பெரும்பாலும் வேறு வகைப் புளிப்புச் செர்ரிகளைத்தான் இப்போது வாங்குகிறார்கள்.

பழம் வருவது கோடையில். கொட்டையோடு முழுப் பழத்தையும் பீப்பாய்க்குள் போட்டு, ஒன்றரை வருஷம் போல முதிர்ந்த லாம்பிக்கை அதன்மேல் ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு 200 கிராம் பழம் என்பது கான்டியோன் கணக்கு. பழத்தின் சர்க்கரை கிடைத்ததும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது எழுந்துவிடுகிறது. மறுபடி நுரை, மறுபடி பொங்கல். மாதக்கணக்கில் ஊறி, கடைசியில் தோலும் கொட்டையும்தான் மிச்சம். அப்புறம் இளம் லாம்பிக் கொஞ்சம் கலந்து, ஷாம்பெய்ன் மாதிரித் தடித்த பாட்டிலில் அடைத்து, கார்க் வைத்துப் படுக்கவைத்து விடுகிறார்கள். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் புளித்துத்தான் வாயு உண்டாகிறது. இதன் பெயர் க்ரீக்.

பெரியவர் எனக்கு ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நிறம் முதலில் கண்ணைப் பிடித்தது. மாணிக்கச் சிவப்பு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விளிம்பில் ரோஜா. இளஞ்சிவப்பு நுரை எழுந்து சீக்கிரமே அடங்கிவிட்டது. மூக்கில் செர்ரி நிறைய இருந்தது. அதன் அடியில் ஈர வைக்கோல், பழைய தோல், நிலவறை. இன்னும் ஆழ மோந்தபோது பாதாம் வாசனை. அது கொட்டையிலிருந்து வருவது என்றார். பழத்தை முழுசாகப் போடுவதன் காரணமே அதுதானாம்.

வாயில் வைத்ததும் தாடை இரண்டு பக்கமும் சுண்டியது மாமா. அப்படி ஒரு புளிப்பு. செர்ரி நாக்கில் நன்றாகத் தெரிகிறது, ஆனால் துளி இனிப்பு இல்லை. சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிட்டது, பழத்தின் மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. இனிப்பை எடுத்துவிட்டால் ஒரு பழத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். விழுங்கிய பின் மரத்தின் துவர்ப்பு ஈறில் நிற்கிறது. கசப்பு தேடினாலும் இல்லை. போதையும் பெரிதாக இல்லை, ஐந்தாறு சதவீதம்தான். வேகமாகக் குடிக்கவும் முடியாது, புளிப்பு விடாது. இரண்டாவது மிடறில் வாய் பழகிவிடுகிறது. மூன்றாவதில் கண் தானாக மூடுகிறது.

ராஸ்பெரி போட்டதையும் குடித்துப் பார்த்தேன். வாசனை அபாரம். ஆனால் வாயில் அது சீக்கிரம் ஓடிவிடுகிறது. ஆப்ரிகாட் போட்டது பொன்னிறம், மென்மை. எனக்குச் செர்ரிதான். இந்தப் புளிப்போடு நேருக்கு நேர் நின்று தாக்குப்பிடிக்கும் பலம் அந்தப் பழத்துக்கு இருக்கிறது.

சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பழ பீர்களில் பெரும்பாலானவை வேறு ரகம். சாறும் இனிப்பும் சேர்த்து, சாராயத்தைக் குறைத்துச் செய்தவை. விருந்துகளில் எல்லாரும் விரும்பிக் குடிக்கிறார்கள், நானும் குடித்திருக்கிறேன். ஆனால் அதில் பழம் தனி, பீர் தனி. க்ரீக்கில் பழத்தைப் பீர் தின்றுவிட்டது, இரண்டையும் இனிப் பிரிக்க முடியாது. என் மனசு அதன் பக்கம்தான்.

பெரியவரின் கிராமத்துப் பக்கம் பீர்செல் என்ற ஊரில் ஒரு பழைய கடைக்கும் போனோம். அங்கே பாட்டிலைப் பிரம்புக் கூடையில் சாய்த்தபடியே கொண்டுவருகிறார்கள், அடிமண்டி கலங்கக் கூடாது என்று. கூடவே பெரிய ரொட்டித் துண்டின் மேல் வெள்ளைப் பாலாடைக்கட்டி, நறுக்கிய சிவப்பு முள்ளங்கி, வெங்காயத்தாள். புளிப்புக்கு அந்தத் தயிர்ச்சுவை எப்படிப் பொருந்துகிறது என்று எழுத்தில் சொல்ல வராது. பக்கத்து மேசையில் எண்பது வயதுக்காரர்கள் சீட்டாடிக்கொண்டே குடித்தார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை, யாரும் தள்ளாடவில்லை.

எழுபதுகளில் இது அழிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். இனிப்புக் குளிர்பானமும் சாதாரண பீரும் வந்து, பல ஆலைகள் மூடிவிட்டன. 1975-இல் ஃபிராங்க் போன் என்ற இளைஞர் பழைய முறையிலேயே தொடங்கினார். இன்னும் சிலர் பிடிவாதமாக விடாமல் செய்தார்கள். 2016-இல் பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரம் என்கிறோம். ஏறுவதற்கு ஆள் இல்லை. உங்கள் கையில் இருக்கும் பக்குவத்தைக் கற்றுக்கொள்ள ஒரு பையன் வரவில்லை. பாளையை எப்போது தட்ட வேண்டும், எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும் என்பதெல்லாம் இந்தச் செம்புத் தொட்டி வேலைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இங்கே அப்படிப்பட்ட கைகளைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் டிக்கெட் எடுத்து வருகிறார்கள். உங்களையும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஜூலையில் வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவருகிறேன். நம் ஊர் வெயிலுக்கு அது அதிக நாள் தாங்காது, நான் வந்த வாரத்திலேயே திறந்துவிடலாம். ஃப்ரிட்ஜ் வேண்டாம், மண்பானைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். கூடவே வெள்ளரிக்காய் நறுக்கி வைக்கச் சொல்லுங்கள், முள்ளங்கிக்குப் பதில்.

அதுவரை எனக்கு ஒன்று எழுதுங்கள் மாமா. பெரியவர் கேட்கிறார்: அந்தக் காலத்தில் கள்ளுக்கென்று வைத்த கலயத்தை மறுநாள் கழுவிவிட்டு ஏற்றுவீர்களா, இல்லை முந்தின நாள் கள்ளின் வாடையோடு அப்படியே கட்டுவீர்களா? இவர்கள் பீப்பாயைக் கழுவுகிறார்கள், ஆனால் மரத்துக்குள் இருப்பது போகாத அளவுக்கு. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள், அவருக்கு நான் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். கருப்பட்டி காய்ச்சினால் இரண்டு வட்டு எனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்