பிலிம் ரோலை நாள்கணக்கில் எண்ண வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிலிம் கேமராவுடன் காவிரி டெல்டாவைச் சுற்றிப் பார்க்க வரும் இளைஞர்களுக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆனால், "நாளொன்றுக்கு ஒரு ரோல் எடுத்துச் சென்றால் போதும், குறைந்தால் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம்" என்று அதில் கூறப்பட்டிருந்த யோசனையை நம்பிப் பயணம் கிளம்புகிறவர் பாதி வழியில் வெறும் கேமராவுடன் நிற்க நேரிடும். கும்பகோணத்தில் நெடுங்காலம் ஸ்டுடியோ நடத்தியவன் என்ற முறையில் இதைக் குறித்துச் சில விவரங்களைத் தெரிவிப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் கறுப்பு வெள்ளை பிலிமும், பின்னர் கோடக், கோனிகா, பியூஜி கலர் ரோல்களும் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் கடைத்தெருக்களில் சாதாரணமாகக் கிடைத்தன. ஆகவே வெளியூர்க்காரர்கள் எத்தனை ரோல் கொண்டுவருவது என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. இன்று அந்த உதகை ஆலை மூடப்பட்டுவிட்டது. ஸ்டுடியோக்கள் மெமரி கார்டிலிருந்து பிரிண்ட் போட்டுத் தருகின்றன. எங்கேனும் ஒரு பழைய கடையின் கண்ணாடி அலமாரியில் ரோல் டப்பா ஒன்று கண்ணில் படலாம். அது பல கோடைகளைக் குளிர்ச்சியின்றிக் கடந்து காலாவதியான சரக்காக இருக்கும் என்பதாலும், அத்தகைய பிலிமில் நிறம் திரிந்து படம் முழுவதும் மங்கல் படரும் என்பதாலும் அதை நம்பி வாங்க வேண்டாம். டெல்டாவுக்குள் தேவைப்படும் பிலிம் முழுவதும் வீட்டிலிருந்தே பையில் வந்தாக வேண்டும். அதனால்தான் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

அந்தக் கணக்கை நாள்களைக் கொண்டு போடக் கூடாது. என்னென்ன பார்க்கப் போகிறோம் என்பதைக் கொண்டே போட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்றும் ஆயிரம் ஆண்டுகளாகவும் அதற்குச் சற்றுக் குறைவாகவும் அசையாமல் நிற்பவை. காலை வெயிலில் ஒரு முறையும் மாலை வெயிலில் ஒரு முறையும் சென்று, நின்று பார்த்து எடுக்கிறவருக்குக் கோயிலுக்குப் பதினைந்து படம் தாராளம். தாராசுரத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. அங்கே அடித்தளத்திலும் தூண்களிலும் உள்ளங்கை அகலமே உள்ள கட்டங்களுக்குள் ஆடல் மகளிரையும் கதைக் காட்சிகளையும் செதுக்கியிருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு ஒவ்வொன்றையும் எடுத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். ஆனால் சாதாரண 50 எம்.எம். லென்ஸ்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ அரை மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆவதில்லை என்பதால், அந்தச் சிற்பம் படத்தில் ஒரு மூலையளவுக்கே வரும். கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளின் நிலையும் இதுவே. நீண்ட லென்ஸ் இல்லாதவர் அங்கே ரோலைச் செலவிடாமல் கண்ணால் பார்த்து மகிழ்வதே நல்லது.

நின்றிருப்பவற்றில் மிச்சம் பிடித்த பிலிமை நிகழ்கிறவற்றுக்குக் கணக்குப் பார்க்காமல் ஒதுக்க வேண்டும். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, பிறகு கெட்டியான மண் பூச்சுகள் கொடுத்துக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்தக் கூட்டை மண்ணில் புதைத்து உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். அதற்கான ஏற்பாடுகளில் பல நாள்கள் கழிகின்றன. குழம்பு மெல்லிய கம்பியாய் இறங்கும் நேரமோ சில நிமிடங்கள்தான். அப்போது 36 படம் உள்ள ரோலில் 33 முடிந்துவிட்டதாகக் கேமராவின் எண்வட்டு காட்டிக்கொண்டிருந்தால் பார்க்க வந்த காரியமே கெட்டுவிடும். திருவாரூர் ஆழித்தேர் வீதி முனையில் திரும்பும் நேரமும் அப்படிப்பட்டதே: முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அருகே குனிந்து நிற்க, வடம் பிடித்தவர்கள் ஒரு பக்கமாக இழுக்க, அத்தனை பெரிய தேர் சிறிது சிறிதாக முகம் திருப்பும்போது ரோல் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

ஆகையால் இத்தகைய நேரம் நெருங்கும்போது உள்ளே ஏழெட்டுப் படம் மிச்சமிருந்தாலும் அதைச் சுற்றி எடுத்துவிட்டுப் புதிய ரோலைப் போட்டுவிடுவதே தொழில் தெரிந்தவர்களின் வழக்கம். 36 படம் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும் பயணத்தில் ஒரு ரோலை 30 படம் என்றே கணக்கில் கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். கட்டுரையில் கூறப்பட்ட நான்கு நாள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று கோயில்களுக்கு 45, சுவாமிமலை வார்ப்புக்கு 30, பூம்புகார், தரங்கம்பாடிக் கடற்கரைகளுக்கு 20, கோடியக்கரைக்கு 10, வழியிலுள்ள வயல்களுக்கும் நடவுப் பெண்களுக்கும் டீக்கடை மனிதர்களுக்கும் 30 என்று வைத்தால் மொத்தம் 135 படம் ஆகிறது. முப்பதால் வகுத்தால் நாலரை. ஐந்து ரோல் எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு ஒரு ரோலைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். தேரோட்டமும் சேர்ந்தால் இன்னும் இரண்டு. 120 எனப்படும் அகலமான பிலிம் போடும் பழைய கேமரா வைத்திருப்பவருக்குச் சதுரப் படம் 12-தான் கிடைக்கும் என்பதால் அவர் தமது கணக்கைத் தனியே போட வேண்டும்; நிழல் தேடிச் சென்று மாற்ற வேண்டிய நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை ரோல் என்பதோடு எந்த வேகம், அதாவது ஒளியை எவ்வளவு விரைவாகப் பற்றும் பிலிம், என்ற கேள்வியும் பின்னிக் கிடக்கிறது. வெயிலுக்கு 100, கோயிலுக்குள் 400 என்று பிரித்துக் கொண்டுவருகிறவர்கள் பலர். ஒரே ஒரு கேமராவை வைத்துக்கொண்டு இப்படிப் பிரித்தால், பிரகாரத்தின் அரையிருட்டுக்குள் நுழையும்போது கேமராவில் 100 பிலிமும், வெயிலுக்கு வெளியே வரும்போது 400-உம் இருக்கும். பாதியில் எடுத்த ரோல்களே பெருகும். எல்லாவற்றுக்கும் 400 ஒன்றையே கொண்டுவருவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. நல்ல வெயிலில் லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 16-இல் வைத்து 1/500 நொடி கொடுத்தால் அந்தப் பிலிம் சரியாகவே பதிவாகும். பழைய கேமராக்களில் பலவற்றிலும் அந்த ஷட்டர் வேகம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கனத்து இருட்டினால் ஒளி மூன்று ஸ்டாப் வரை, அதாவது எட்டில் ஒரு பங்காக, குறையும். அப்போது 100 பிலிம் கையைக் கட்டிப் போட்டுவிடும். தொல்லியல் துறையின் கோயில்களில் கேமரா முக்காலி வைக்கத் தனி அனுமதி பெற வேண்டும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அதற்காக இருபது ரோல்களை அள்ளி வருவதையும் நான் ஆதரிக்கவில்லை. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடக்கும் பிலிம், எடுத்ததாயினும் எடுக்காததாயினும், கெடும். எடுத்து முடித்த ரோலில் கழுவப்படும் வரை பதிவு மறைந்துதான் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் அதைச் சிதைக்கின்றன. முடித்த ரோலின் நுனியை முழுவதும் உள்ளே சுற்றிவிட்டு, மேலே பேனாவால் ஊரின் பெயரை எழுதி, வேறு பையில் போட்டு அறையிலேயே விட்டுவரலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ரோலை ஒரு மணி நேரமாவது டப்பாவைத் திறக்காமல் வைத்திருந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகே கேமராவில் போட வேண்டும். இல்லையேல் நம் ஊர்ப் புழுக்கத்தில் பிலிம்மேல் நீர் கோத்துவிடும். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் திருச்சியில் வந்து இறங்கும் நம்மவர்கள், விமானத்தில் ஏற்றிவிடும் பெரிய பெட்டியில் பிலிமை ஒருபோதும் வைக்கக் கூடாது. கைப்பையில் உள்ளே இருப்பது தெரியும் உறைக்குள் வைத்து, கையால் சோதிக்குமாறு பாதுகாப்பு அலுவலர்களிடம் பணிவுடன் கேட்க வேண்டும். பைகளைச் சோதிக்கும் சி.டி. ஸ்கேனர் என்ற எக்ஸ்ரே கருவி வழியாக ஒரு முறை சென்றாலே பிலிமில் மங்கல் விழக்கூடும்.

கும்பகோணத்தில் 2016-க்குப் பிறகு 2028-இல் மகாமகம் வருகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் அந்த நாளைப் பிலிமில் எடுக்க இளைஞர்கள் நிச்சயம் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் அறைக்குத் திரும்பி ரோல் எடுத்து வருவது நடவாத காரியம். டெல்டா நகரங்களில் இன்னும் கடை நடத்தும் ஸ்டுடியோ நண்பர்கள் அந்த மாசி மாதத்துக்காவது நல்ல 400 ரோல்களைத் தருவித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விற்க முன்வர வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கடையில் பிலிம் கிடைக்கும் என்ற விவரத்தைத் தாங்களும் திருவிழாவுக்கு முன்பே வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டுடியோ உரிமையாளர் ஒருவர்,
கும்பகோணம்.