சாட்சிக்காரனுக்குப் பக்கத்திலயும் நில்லுங்கோ

ஆசிரியர் ஐயா,

லோயர்மார் கோட்ஸைப் பகிஷ்கரிச்சா தவணை தள்ளிப்போகுது, மூதூர் சம்பூர் பக்கத்தால பஸ் ஏறி வாற சனம் காசும் செலவழிச்சு மினக்கெட்டுத் திரும்பிப் போகுது எண்டு ஒரு வாசகர் உங்கட பத்திரிகையில எழுதியிருந்தார். அவர் சொல்லுறது பொய்யில்ல. ஆனா 2023 செப்டம்பர்ல குருந்தூர்மலையில விகாரை கட்டுறதுக்கு எதிரான வழக்கில கட்டளை போட்ட முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜா, உயிர் அச்சுறுத்தல், மன அழுத்தம் எண்டு எழுதிக் குடுத்திட்டு நாட்டை விட்டே போனாரே, அண்டைக்கும் வடக்கு கிழக்கு லோயர்மார் ஒண்டும் நடக்காத மாதிரி உள்ள போய் வழக்குப் பேசிக்கொண்டு நிண்டிருந்தா சரியா? நீதிபதிக்கே அந்த நிலைமை எண்டா காணி வழக்குக்கு வாற எங்களுக்கு என்ன கிடைக்கும்.

லோயர்மார் இப்பிடி ஒண்டா எழும்புறது புதுப் பழக்கமும் இல்ல. 1976ல குடியரசு தினத்தைப் பகிஷ்கரிக்கச் சொல்லி நோட்டீஸ் குடுத்தாங்கள் எண்டு தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கம் ஆக்களை அவசரகாலச் சட்டத்தில பிடிச்சு, ஜூரியும் இல்லாம மூண்டு நீதிபதிகளுக்கு முன்னால நிறுத்தினாங்கள். ட்ரயல் அட் பார் எண்டு பழைய ஆக்கள் இப்பவும் கதைப்பினம். 1949ல பிரிஞ்சு ஆளை ஆள் ஏசித் திரிஞ்ச தமிழ்க் காங்கிரஸ் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் தமிழரசுக் கட்சி செல்வநாயகமும் அந்த வழக்குக்கு லோயரா ஒண்டா வந்தவை, கூட எத்தினையோ பேர். அதுக்குப் பிறகு 2013ல ஷிராணி பண்டாரநாயக்கவை பிரதம நீதியரசர் பதவியில இருந்து தூக்கினபோதும் லோயர்மார் கோட்ஸுக்குப் போகாம எதிர்த்தவை, 2015 ஜனவரில அவ திரும்ப வந்து மற்ற நாளே ஓய்வு பெற்றவ. 2022 மார்ச் 31 இரவு மிரிஹானையில அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபயவின்ர வீட்டுக்குக் கிட்ட ஆர்ப்பாட்டத்தில பிடிச்ச பெடியளுக்கு நூற்றுக்கணக்கான லோயர்மார் காசு வாங்காமப் போய் நிண்டதையும் டிவில பாத்தம், உண்மையா பெருமையா இருந்தது.

ஆனா எனக்கு ஒரு மனக்குறை இருக்கு, அதுக்குத்தான் எழுதுறன்.

2006 ஜனவரி 2ந் திகதி எங்கட திருகோணமலைக் கடற்கரையில காந்தி சிலைக்குக் கிட்ட அஞ்சு மாணவரைச் சுட்டுக் கொன்றாங்கள். முதல்ல குண்டு வெடிச்சது எண்டு கதை விட்டாங்கள். சூட்டுக் காயத்தைப் படம் எடுத்துக் காட்டின பத்திரிகையாளர் சுகிர்தராஜனை அதே மாசம் 24ந் திகதி இதே டவுன்ல சுட்டுக் கொன்றாங்கள். சாட்சி சொல்ல வெளிக்கிட்ட குடும்பங்கள் மிரட்டல் தாங்காம வெளிநாட்டுக்குப் போயிட்டுதுகள். கடைசில 2019 ஜூலைல, சாட்சியம் போதாதெண்டு, அந்தக் கொலை வழக்கில பிடிபட்ட பொலிஸ் விசேட அதிரடிப்படைக்காரர் 13 பேரையும் எங்கட நீதவான் நீதிமன்றம் விடுவிச்சது. சாட்சி சொல்ல ஆளே இல்லாட்டி நீதவான் என்ன செய்யிறது?

நீதிபதியைத் தொட்டா கறுப்புக் கோட்டெல்லாம் றோட்டுக்கு இறங்குது. சாட்சிக்காரனை இரவில வீட்டு வாசல்ல வந்து வெருட்டினா அவனுக்குப் பக்கத்தில ஆர் நிக்கிறது? சாட்சிகளைப் பாதுகாக்க 2015லயே சட்டம் வந்தாச்சு, 2023ல அதுக்குப் பதிலா புதுச் சட்டமும் வந்தாச்சு, ஆனா அதைத் தூக்கிக்கொண்டு எங்க போறது, என்ன எழுதிக் குடுக்கிறது எண்டு எங்கட சனத்தில எத்தினை பேருக்குத் தெரியும்? முறைப்பாடு குடுக்கப் போறதும் அதே பொலிஸுக்குத்தானே.

திருகோணமலை சட்டத்தரணிகள் சங்கத்திட்டக் கேக்கிறது பெரிய விசயம் இல்ல. மிரட்டல் வந்த சாட்சிக்காரர் எந்த நேரமும் அடிக்கக்கூடின மாதிரி ஒரு நம்பர் போடுங்கோ, முறைப்பாடு குடுக்க அவரோட பொலிஸுக்கு ரெண்டு பேர் கூடப் போங்கோ, தவணைக்கு வந்தா வாசல்ல இருந்து கூண்டு மட்டும் பக்கத்தில நடந்து வாங்கோ. சிங்கள, முஸ்லிம் லோயர்மாரும் சேர்ந்து வந்தா இன்னும் நல்லம், வெருட்டுறவனுக்கு இனம் சொல்லித் தப்ப ஏலாது. சங்கத்தில ஆராவது இதை வாசிச்சா அடுத்த கூட்டத்தில எடுங்கோ.

இப்படிக்கு,
உவர்மலை வாசகர்,
திருகோணமலை.