சனிக்கிழமை ஊசுடு ஏரி கிளாஸ்: தவளை, பல்லி, பாம்பு
டீச்சர்ஸ், சனிக்கிழமை காலைல 6.30க்கே பசங்கள ஏரிக்கரைக்கு கூட்டிட்டு வந்துடுங்க, வெயில் ஏறிட்டா தவளைங்க கண்ணுல படாது. சானிடைசர் போட்ட கையோட யாரும் தவளைய தொடக்கூடாது, அது தோல் வழியாவும் மூச்சு விடுது, மருந்து நேரா உள்ள போயிடும். பூச்சிய முழுங்கும்போது கண்ண உள்ள இழுத்து அதாலயே இரைய தள்ளும், அத மட்டும் பசங்க உத்து பாக்கட்டும், புக்ல இருக்க படமெல்லாம் அப்புறம்தான்.

"அரணை கடிச்சா மரணம்"னு எவனாவது கண்டிப்பா சொல்லுவான், அரணைக்கு விஷமே இல்லனு அங்கயே சொல்லிடுங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் போட்டோ பிரிண்ட் எடுத்தாச்சு. பாம்பு தெரிஞ்சா தள்ளி நின்னு பாக்கணும், அவ்ளோதான், குச்சி எடுக்குற பையன் பஸ்லயே உக்காரட்டும் 😄 யாராவது கடி பட்டா கட்டு, கீறல் ஒண்ணும் வேணாம், ஆட்டாம அசைக்காம 108க்கு போன். ஷூ கட்டாயம். யார் யார் வரீங்க, இங்கயே போடுங்க.