பழைய கடல் தொட்டி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பவளத் தொட்டி, அதாவது கடல்நீரில் உயிருள்ள பவளமும் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைக்க ஆசைப்படுகிற பலர் இப்போது எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதில்லை. தொட்டியைக் கலைக்கிற யாரிடமாவது மீன், பவளம், பாறை, மணல் என்று மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. கடலிலிருந்து இன்னொரு மீனைப் பிடித்து வருவதை விட, ஏற்கெனவே கண்ணாடிக்குள் பழகிய மீனுக்கு இடம் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள், உயிர் போவது அங்கேதான். நானும் அதைத்தான் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

காலையில் போய்த் தொட்டியைக் காலி செய்தோம். சாயங்காலம் அதே தொட்டி, அதே மணல், அதே பாறை, அதே மீன்கள் என் வீட்டில். ராத்திரி படுக்கப் போகும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. விடிந்து பார்த்தால் கோமாளி மீன் ஜோடி அடியில் கிடந்தது, மூன்றாம் நாள் இறால்களும் போய்விட்டன. கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியா அளவு மீறிவிட்டது என்பதற்கு அடையாளமாக, சோதனைக் குழாயில் பச்சை நிறம் அடர்த்தியாக ஏறியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் அந்த ஜோடியை 9 வருடம் வளர்த்தவர். கோமாளி மீன் ஒழுங்கான தொட்டியில் 20 வருடம் கூட இருக்கும். அவருக்கு ஃபோன் செய்து சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

பெரிய குற்றவாளி மணல். வருடக்கணக்கில் கிளறாமல் கிடந்த மணலுக்கு அடியில் கழிவும் மிச்ச இரையும் மட்கிக் கிடக்கும், ஆழமாக இருந்தால் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கும். அதை அள்ளி வாளியில் போட்டுத் திரும்பக் கொட்டினால் அத்தனையும் தண்ணீருக்கு வந்துவிடும். அதனால் பழைய மணல் வேண்டாம், மனசு வரவில்லை என்றால் தண்ணீர் தெளிகிற வரை பல முறை அலசிவிட்டுப் போடுங்கள். அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், அதில் பெரும்பங்கு பாறையில்தான் ஒட்டியிருக்கிறது, பழைய தண்ணீரில் அனேகமாக எதுவும் இல்லை. பாறையை மட்டும் காய விடாமல் கடல்நீரில் மூழ்கியபடியே கொண்டுவாருங்கள். காய்ந்தால் அதற்குள் இருக்கிற பஞ்சுயிரிகளும் புழுக்களும் செத்து, அதுவே அம்மோனியாவாகும்.

என்ன செய்திருக்க வேண்டும்? புதுத் தொட்டி முதலில் தயாராகி நின்றிருக்க வேண்டும். உப்புக் கலவையை முந்தின நாளே கரைத்து, நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.025 பக்கம், வெப்பம் 25 டிகிரி பக்கம் கொண்டுவந்து, விற்கிறவரிடமிருந்து பாறையில் சில துண்டுகளை மட்டும் முன்கூட்டியே வாங்கிப் போட்டு, அம்மோனியாவும், அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்கிற வரை சில வாரம் காத்திருந்து, அதற்கப்புறம்தான் உயிர்களை எடுக்கப் போயிருக்க வேண்டும். அவசரமாகக் காலி செய்கிறேன் என்று விற்கிறவர் சொன்னாலும் கேட்டுப் பாருங்கள், தன் மீன் மேல் அக்கறை உள்ளவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

அப்புறம் பை. மீன் மூச்சு விட விட மூடிய பைக்குள் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியா அந்த நிலையில் பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும், அதற்கு விஷம் குறைவு. பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பி.எச். ஏறி, அம்மோனியம் மறுபடி விஷ அம்மோனியாவாக மாறும். அந்த நேரம் பார்த்து, மெதுவாகப் பழக்குகிறேன் என்று சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இரண்டு மணி நேரம் விட்டுக்கொண்டிருந்தால், மீன் அவ்வளவு நேரமும் அந்த விஷத்திலேயே இருக்கிறது. பக்கத்துத் தெருவிலிருந்து கொண்டுவந்தால் இது பெரிதில்லை. பல மணி நேரப் பயணம் என்றால், விற்கிறவரின் உப்பு அளவை முன்பே கேட்டு உங்கள் தண்ணீரை அதற்குச் சமமாக வையுங்கள், மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு பைத் தண்ணீர் உள்ளே போகாமல் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். நட்சத்திர மீனும் நத்தையும் வேறு மாதிரி, உப்பு திடீரென்று மாறினால் தாங்காது, அவற்றை மெதுவாகத்தான் பழக்க வேண்டும். பூ மாதிரி விரிந்திருக்கும் கடல் உயிரான கடற்சாமந்தியைப் பிய்த்து எடுக்காதீர்கள், ஒட்டியிருக்கிற கல்லோடு தூக்குங்கள்.

"என் தொட்டியில் நோயே கிடையாது" என்று விற்கிறவர் உண்மையாகவே நம்பிச் சொல்வார். அப்படியிருந்தும் மீனைத் தனித் தொட்டியில் வைத்துக் கவனிப்பதை விட்டுவிடாதீர்கள். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி, எதிர்ப்புச் சக்தி உள்ள மீனில் வெளியே தெரியாமல் இருந்துவிட்டு, இடம் மாறிய களைப்பில் தலைகாட்டும். அதன் கூடு பாறையிலும் பவளத்தின் அடியிலும் நத்தை ஓட்டிலும் ஒட்டி வரும், அதனால்தான் அனுபவசாலிகள், ஒட்ட மீன் கிடைக்காமல் அது சாகட்டும் என்று, மீன் இல்லாமல் 76 நாள் தொட்டியைச் சும்மா வைக்கச் சொல்கிறார்கள். இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் தாமிர மருந்து தனித் தொட்டியில் மட்டுமே, பவளமும் இறாலும் அதைத் தாங்காது. நீங்கள் வாங்கும் தொட்டியில் எப்போதாவது தாமிரம் விட்டார்களா என்றும் கேளுங்கள், பாறையிலும் மணலிலும் அது ஊறித் தங்கும்.

பவளத்தை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தால் ஒட்டியிருக்கிற புழுக்கள் உதிரும், ஆனால் முட்டை சாகாது. ஒட்டியிருந்த பழைய அடிக்கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சில நாள் விட்டுத் திரும்பவும் முக்க வேண்டும். விளக்கையும் முதலில் குறைத்து வைத்து இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள், இல்லையென்றால் வெளுத்துவிடும்.

வைக்க முடியாத மீனை மொத்தத்தோடு சேர்த்து வாங்காதீர்கள். அப்படியே வந்துவிட்டாலும் கடலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தோ-பசிபிக் பகுதியைச் சேர்ந்த சிங்க மீன் 1985இல் ஃபுளோரிடா கடலில் முதன்முதலாகத் தென்பட்டது, இன்று கரீபியன் முழுக்கப் பரவி அங்குள்ள சின்ன மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. தொட்டி மீன்களை யாரோ கடலில் விட்டதால் வந்த வினை என்றே சொல்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, இடம் போதவில்லை என்று எதையாவது வெட்ட வேண்டியிருந்தால் மேலே உள்ளதை வெட்டுங்கள், இதை மட்டும் வெட்டாதீர்கள். பழைய பாறைகளில் பொத்தான் மாதிரி கூட்டம் கூட்டமாக ஜோவாந்திட் உயிர்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற மிகக் கொடிய விஷம் இருக்கிறது, எதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் கொதிக்க வைக்க வேண்டாம், வெந்நீர் ஊற்றித் தேய்க்கவும் வேண்டாம். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தொடும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே வேண்டாம். கையாண்ட பிறகு காய்ச்சலோ மூச்சுத் திணறலோ கண் எரிச்சலோ வந்தால் உடனே மருத்துவரிடம் போய், என்ன தொட்டீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பவளத் தொட்டி வளர்க்கும் ஒரு வாசகர்